பணம் கட்டினால் கதவு மூடுமா? விண்டோஸ் 10 முடிந்த பிறகு விலையும் தனியுரிமையும்

ஒளிவட்டு

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் மூன்று வழி வைத்தது. 30 டாலர் கட்டலாம். அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அவற்றைக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால், கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து அவர்கள் சர்வருக்கு அனுப்பச் சம்மதித்தால் காசு கிடையாது.

இந்த மூன்றாவது வழிதான் என் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இலவசச் சேவை தருகிற நிறுவனம் எதுவும் நம் தரவுக்குத் தான் என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று வாய் திறந்து சொன்னதில்லை. இங்கே ஒரே திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்: 30 டாலர், இல்லையென்றால் உன் கணக்கு. விலை தெரிந்துவிட்டால் வேண்டும், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லலாம் என்பது என் எண்ணம். நான் காசு கொடுக்கிற கட்சி. காசு கொடுத்தால் கதவு மூடும் என்றால் இயங்குதளத்துக்கும், மின்னஞ்சலுக்கும், பிரவுசருக்கும்கூடக் கொடுப்பேன். உங்கள் கருத்து?

கருந்திரை

கதவு மூடாதுங்க. 30 டாலர் கட்டினாலும் பதிவு பண்ண மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். கணக்கே இல்லாம இத்தனை வருஷம் லோக்கல் யூசரா இருந்தவர், பணத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னாலும் வாசல்ல கணக்கைத்தான் முதல்ல கேக்கறாங்க. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துல நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதும் அமைப்புகளை சர்வருக்கு அனுப்பணும்ங்கற பேக்கப் நிபந்தனையை எடுத்துட்டாங்க, அங்க எல்லாருக்கும் இலவசம். ஆனா அங்கயும் 60 நாளைக்கு ஒரு தடவையாவது கணக்குல உள்நுழையணும். பணத்தை விட்டுக்கொடுத்தாங்க, பேக்கப்பை விட்டுக்கொடுத்தாங்க, கணக்கை மட்டும் எந்த நாட்டுலயும் விட்டுக்கொடுக்கல. எது அவங்களுக்கு முக்கியம்னு இதுலயே தெரியுதே.

பழைய கணினி இருக்கறவங்க நேரா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்க. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரைக்கும் புதுப்பிப்பு வரும். 4 ஜிபி ரேம் இருந்தா ஓடும். கணக்கு கேக்காது.

சர்வர்அறை

இருபது வருடமாக மற்றவர்களின் கணினிகளைப் பராமரித்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த இழையைப் படிக்கும் யாராவது "தனியுரிமைக்காக நான் பதிவே செய்யவில்லை, பழைய விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொள்கிறேன்" என்று முடிவெடுத்தால் அதைவிட மோசமான முடிவு இல்லை.

2017 மே 12-ஆம் தேதி, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 2014-லேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி-க்குக்கூட அன்றைக்கு அவசரமாகப் புதுப்பிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. கணினியின் பயன்பாட்டை நிறுவனத்துக்குத் தானாகத் தெரிவிக்கும் டெலிமெட்ரி உங்களைப் பற்றிக் கொஞ்சம் சேகரிக்கும். திருடன் உள்ளே வந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான், எந்தச் சம்மதப் பெட்டியும் காட்டமாட்டான்.

இன்னொன்று. 2015 ஜூலையில் வந்த தளத்துக்குப் பத்தாண்டு இலவசப் புதுப்பிப்பு என்பது சிறிய விஷயம் இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

கருந்திரை

> பத்தாண்டு இலவசப் புதுப்பிப்பு என்பது சிறிய விஷயம் இல்லை.

சார், பத்து வருஷம்ங்கறது தளத்தோட வயசு. கணினியோட வயசு இல்ல. 2017-ல ஏழாம் தலைமுறை இன்டெல் போட்ட மடிக்கணினி வாங்கினவருக்கு எட்டு வருஷம்தான். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் எடுத்துக்கும். பாதுகாப்புக்காக டிபிஎம் 2.0-ங்கற, ரகசியச் சாவிகளைக் காக்கற சில்லு வேணும்னாங்க, சரி. ஆனா ஏழாம் தலைமுறை கணினி நிறையதுலயும் டிபிஎம் 2.0 இருக்கு! கணினி துவங்கறப்ப திறக்கற பயாஸ் அமைப்புல ஆன் பண்ணினா போதும். அப்படியும் விண்டோஸ் 11 ஏத்துக்கற சில்லுப் பட்டியல்ல இல்ல.

இதுல முக்கியமான இடம் எதுன்னா: 2021 ஆகஸ்ட்ல அந்தப் பட்டியல்ல ஏழாம் தலைமுறைச் சில்லு சிலதைச் சேத்தாங்க. கோர் எக்ஸ் வரிசை, ஸியான் டபிள்யூ, அதோட மடிக்கணினிக்கான ஐ7-7820எச்கியூ. அந்தக் கடைசிச் சில்லு மைக்ரோசாஃப்ட்டே வித்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில இருக்கறது. அதே குடும்பத்துல பக்கத்து எண் போட்ட சில்லு வச்சிருந்தவங்க வெளியில நின்னாங்க. எல்லை எங்க போடணும்ங்கறதை முழுக்கப் பாதுகாப்பு மட்டுமே முடிவு பண்ணலன்னு இதை வச்சுத்தான் சொல்றேன்.

சர்வர்அறை

அந்த விதிவிலக்கை என்னாலும் நியாயப்படுத்த முடியாது. ஓட்டுநிரல் (டிரைவர்) தரம்தான் காரணம் என்றார்கள். அதே தரத்தில் ஓட்டுநிரல் உள்ள மற்ற கணினிகளையும் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் டிபிஎம்-ஐத் தேவையற்றது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மடிக்கணினி தொலைந்தபோது அதன் வட்டு, டிபிஎம் காக்கும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால் தப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யப்படாமல் போனதால் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கூடு

ஒளிவட்டு கேட்ட கேள்விக்கு வருகிறேன். காசு கொடுத்துக் கதவை மூட விரும்புகிறவருக்கு ஆப்பிள்தான் பதில் என்பது என் நிலைப்பாடு. அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதி கருவி விற்பதில் வருகிறது, என் நடமாட்டத்தை விற்பதில் அல்ல. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது, மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர்வதற்கு ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதனால் 2022-இல் சுமார் 10 பில்லியன் டாலர் வருவாய் இழப்போம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஒரே ஒரு கேள்விப்பெட்டி செய்த வேலை இது.

எண்ணும் தருகிறேன். டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் அளந்து பார்த்தார். தொடாமல் சும்மா கிடக்கும் கூகுளின் பிக்சல் தொலைபேசி 12 மணி நேரத்தில் கூகுளுக்குச் சுமார் 1 எம்பி அனுப்பியது. ஐபோன் ஆப்பிளுக்கு அனுப்பியது சுமார் 52 கேபி. இருபது மடங்கு வித்தியாசம்.

கருந்திரை

அதே ஆய்வை முழுசாப் படிச்சேன். ரெண்டு தொலைபேசியும் சராசரியா நாலரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் நிறுவனத்தோட பேசிக்கிட்டிருந்தது. அமைப்புகள்ல தரவு பகிர வேண்டாம்னு சொன்ன பிறகும். அளவு குறைச்சல்ங்கறது உண்மை. வேண்டாம்னு சொன்னா நிக்குதாங்கற கேள்விக்கு ரெண்டு பக்கமும் ஒரே பதில்தான்.

ஆப்பிளோட சஃபாரி பிரவுசர்ல கூகுளைத் தேடுபொறியா வச்சிருக்கறதுக்கு 2022-ல மட்டும் கூகுள்கிட்டேருந்து ஆப்பிளுக்கு 20 பில்லியன் டாலர் கைமாறினது அமெரிக்க நீதிமன்ற வழக்குல வெளிவந்துச்சு. விளம்பரப் பணத்தை ஆப்பிள் நேரடியாத் தேடிப்போகல, அது வீட்டுக்கே வந்துடுது. அவங்க குரல் உதவியாளர் சிரி தற்செயலா இயங்கி உரையாடலைப் பதிவு பண்ணின வழக்கை 95 மில்லியன் டாலர் குடுத்து முடிச்சாங்க, தப்பை ஒத்துக்காமயே.

பழையமோடம்

ஆயுள் விஷயத்தில் ஆப்பிள் இன்னும் கண்டிப்பு, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. இன்டெல் சில்லு போட்ட மேக் ப்ரோ கணினியை 2023 ஜூன் வரை விற்றார்கள். 2025 ஜூனில், மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் கணினிகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்தார்கள். விற்பனை நின்றதற்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவே இரண்டே ஆண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு அதற்குப் பிறகும் சில காலம் வரும் என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு விலையுயர்ந்த கணினிக்கு இரண்டு ஆண்டு என்பது எனக்கு ஜீரணமாகவில்லை.

ரேம் விலையும் அப்படித்தான். 8 ஜிபி கூட்டிக் கேட்டால் 200 டாலர். பலகையோடு ஒட்டி வருவதால் பிறகு வெளியே வாங்கிப் போட வழியில்லை. வாங்குகிற அன்றே இன்னும் ஆறு வருடத்துக்கு நமக்கு என்ன தேவைப்படும் என்று ஊகித்து அதற்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள். மேக்புக் ஏரின் அடிப்படை ரேமை 2024 அக்டோபரில் 16 ஜிபி ஆக்கினார்கள், விலை ஏற்றாமல். நல்ல காரியம். ஐந்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

மழைக்குருவி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தொழில்நுட்பத் துறை இல்லை. அம்மாவின் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் எல்லோரும் "தேர்வு செய்கிறவர்" என்று ஒருவரை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். என் அம்மா தேர்வு செய்வதில்லை. திரையில் ஒரு பெட்டி வருகிறது. அதில் ஒரு பொத்தான் பெரிதாக, நிறத்தோடு இருக்கிறது: "ஏற்கிறேன்". பக்கத்தில் மங்கலாக "பிறகு நினைவூட்டு". "வேண்டாம்" என்று எங்கேயும் இல்லை. பிறகு நினைவூட்டு என்பதை மூன்று முறை அழுத்தினார், நான்காவது முறை பெரியதை அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அவருடைய புகைப்படங்கள் எல்லாம் ஒரு மேகச் சேமிப்புக்குப் போயிருக்கின்றன. இலவச இடம் நிரம்பியதும், பணம் கட்டாவிட்டால் சேமிப்பு நின்றுவிடும் என்று அறிவிப்புகள் வரத் தொடங்கின. புகைப்படங்கள் அழிந்துவிடுமோ என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அப்பா இறந்த பிறகு அந்தப் படங்கள்தான் அவருக்கு எல்லாம்.

எந்த நிறுவனம் என்று எழுத விரும்பவில்லை, பெரும்பாலும் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். காசா தரவா என்ற உங்கள் கேள்விக்கு முன்னாலேயே ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறதா? ஒரு முறை சொன்னால் அது நிற்குமா?

ஒளிவட்டு

இதைப் படித்த பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் பார்த்தேன். விலை தெரிந்தால் தெளிவாக முடிவெடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். உங்கள் அம்மாவிடம் விலையைச் சொல்லவும் இல்லை, மறுக்க இடம் கொடுக்கவும் இல்லை. நான் சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஒப்புக்கொள்கிறேன்.

சர்வர்அறை

மழைக்குருவி சொன்னதுதான் நடுநரம்பு. மைக்ரோசாஃப்ட்டின் ரீகால் வசதியின் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2024 மே 20-ஆம் தேதி அறிவித்தார்கள்: சில நொடிக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு தேடித் தரும் வசதி. முதலில் திட்டமிட்டபடி அது தானாகவே இயங்கியிருக்கும். கெவின் போமான்ட் போன்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்னோட்டப் பதிப்பைப் பிரித்துப் பார்த்து, எழுத்துகளாக மாற்றப்பட்ட அத்தனையும் கணினிக்குள் எளிதில் படிக்கக்கூடிய தரவுத்தளக் கோப்பாகக் கிடப்பதைக் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஜூனிலேயே தள்ளிவைத்தார்கள். குறியாக்கம் சேர்த்து, முகமோ விரலோ பின்னோ காட்டினால்தான் திறக்கும் என்று ஆக்கி, பயனர் தானாக விரும்பி இயக்கினால் மட்டுமே இயங்கும்படி மாற்றி, 2025 ஏப்ரலில்தான் பரவலாகத் தந்தார்கள்.

கத்தினால் கேட்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. மைக்ரோசாஃப்ட்டின் பொறியாளர்கள் செய்த திருத்தம் உண்மையிலேயே நல்ல திருத்தம்.

கருந்திரை

திருத்தம் நல்லதுதான் சார், மறுக்கல. ஆனா இதுல ஒரு ஓரம் யாரும் பேசல. நான் லினக்ஸ்ல இருக்கேன், ரீகால் எனக்குக் கிடையாது. நான் நண்பருக்கு ஒரு வாரத்துல மறையற மாதிரி செய்தி அனுப்பறேன். அவர் கணினியில ரீகால் ஓடுது. என் செய்தி அங்க படமா உக்காந்திருக்கும். சம்மதம் குடுத்தது அவர், படம் பிடிபட்டது நான். அதனாலதான் சிக்னல்ங்கற செய்திச் செயலி 2025 மே மாசம் தன் விண்டோஸ் பதிப்புல தன் திரையைப் படம் பிடிக்க முடியாதபடி ஒரு தடுப்பைப் போட்டுச்சு. காப்புரிமை உள்ள திரைப்படங்களை நகலெடுக்காம இருக்கறதுக்குன்னு இருந்த வசதியை எடுத்து இதுக்குப் பயன்படுத்தினாங்க. அதைவிட்டா அவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேற வழி தரல.

என் தனியுரிமைல பாதி அடுத்தவர் கணினியில இருக்கு. நான் மட்டும் நல்ல தளத்துக்கு மாறிட்டேன்னு நிம்மதியா தூங்க முடியல. மழைக்குருவியோட அம்மா திரையில வர்ற அந்தப் பெட்டி என்னோட பிரச்சினையும்தான்.

வெள்ளிக்கூடு

சரி, காசு கொடுத்தாலும் கதவு மூடுவதில்லை என்றால், எதைக் கொடுத்தால் மூடும்?

பழையமோடம்

காசு மட்டும் பூட்டு ஆகாது. காசும் சட்டமும் சேர்ந்தால் ஓரளவுக்கு ஆகும். மூன்று கதை சொல்கிறேன், மூன்றுமே நடந்தவை.

வாட்ஸப் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் வாங்கியது, விளம்பரம் கிடையாது என்று நிறுவனர்கள் சொல்லி நடத்தினார்கள். 2014-இல் ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் அந்த ஒரு டாலரையும் எடுத்துவிட்டார்கள், எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் தொலைபேசி எண்ணை ஃபேஸ்புக்கோடு பகிரும்படி கொள்கையை மாற்றினார்கள். ஒரு டாலர் வாங்கிக்கொண்டிருந்தவரை நாம் அங்கே வாடிக்கையாளர். அதை எடுத்த எட்டாவது மாதம் நாம் வேறு ஏதோ ஆகியிருந்தோம்.

இதைக் கேட்டு, ஆக காசு கொடுத்தால் சரி என்று ஒளிவட்டு பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். இரண்டாவது கதை விஸியோ. மக்கள் முழு விலை கொடுத்து வாங்கிய தொலைக்காட்சி. 2014-லிருந்து, திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி எடுத்து அனுப்பியது, 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து. 2017-இல் அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கு வந்தது, 22 லட்சம் டாலர் கட்டி முடித்தார்கள். பெட்டி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 20 சென்ட். அந்த அளவு அபராதம் யாரையும் திருத்தாது என்று அடித்துச் சொல்வேன்.

மூன்றாவது, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா. 2023 நவம்பரில் ஐரோப்பாவில் மாதம் 9.99 யூரோ கட்டு, இல்லையென்றால் பின்தொடர்வதற்குச் சம்மதி என்றார்கள். ஒளிவட்டு கேட்ட அதே தெளிவான விலைச்சீட்டு. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் அதற்கு 200 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. குறைந்த தரவோடு பணம் கட்டாமல் பயன்படுத்த ஒரு நடுவழி கொடுக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அது சரியாகவே படுகிறது. தனியுரிமையைக் கட்டணப் பட்டியலில் ஏற்றினால், மாதம் பத்து யூரோ ஒதுக்க முடியாதவருக்குத் தனியுரிமை இல்லை என்றாகிறது. விண்டோஸ் 10-இன் 30 டாலரிலும் அதே கோளாறுதான்: பழைய கணினியை இன்னும் வைத்திருக்கிறவரில் பலர் புதியது வாங்க இயலாதவர். அவரிடம்தான் அந்த 30 டாலர் கேட்கப்படுகிறது. அவர்தான் கணக்கைக் கொடுப்பார்.

ஒளிவட்டு

கடைசி வரி என்னை நிறுத்திவிட்டது. பணம் கட்டுவதை நான் ஒரு கொள்கையாக நினைத்திருந்தேன். கட்ட முடிந்ததால்தான் அது எனக்குக் கொள்கையாக இருந்திருக்கிறது.

சர்வர்அறை

லினக்ஸ் கட்சிக்கும் ஒரு வார்த்தை. 2012-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 12.10 பதிப்பில், உங்கள் கணினிக்குள் இருக்கும் கோப்பைத் தேடினாலும் அந்தத் தேடல் சொல் அதை வெளியிடும் கேனோனிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அமேசான் பொருட்களோடு திரும்பி வந்தது. 2016-இல் 16.04 வரும்வரை அது தானாகவே இயங்கியது. திறந்த மூலம் என்பதாலேயே யாரும் புனிதர் ஆகிவிடுவதில்லை.

2024 மார்ச்சில், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில், திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வைக்கப்பட்ட பின்கதவு அகப்பட்டதையும் நினைவில் வையுங்கள். ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று விடாமல் துருவியதால் தப்பித்தோம். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்டில்.

கருந்திரை

ரெண்டும் உண்மை. எக்ஸ்இசட்டை நினைச்சா எனக்கு இன்னும் வயித்தைக் கலக்குது. ஆனா அரை நொடி தாமதத்தைப் பிடிச்சு மூலநிரல் வரைக்கும் அவரால போக முடிஞ்சதே, அது திறந்து கிடந்ததாலதான். உபுண்டு அப்படிப் பண்ணினப்ப மக்கள் மின்ட்டுக்கும் டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸுக்கும் போனாங்க, கோப்பை எல்லாம் எடுத்துக்கிட்டு, ஒரே சாயங்காலத்துல. அப்படி வெளிய போக முடியறதைத்தான் நான் பூட்டுன்னு சொல்வேன். வெள்ளிக்கூடு கேட்டதுக்கு என்னோட பதில் அதுதான்.

ஜெர்மனியில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரஆஃபிஸ்ங்கற இலவச அலுவலக மென்பொருளுக்கும் அப்புறம் லினக்ஸுக்கும் மாத்தறதா 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. மியூனிக் நகரம் 2003-லயே முடிவெடுத்து லினக்ஸுக்கு மாறி, 2017-ல விண்டோஸுக்கே திரும்பிப் போகத் தீர்மானிச்சதும் எனக்குத் தெரியும். போறதும் வர்றதும் கஷ்டம்தான். கோப்பு வடிவம் ஒருத்தர் கையில மட்டும் இருந்தா அந்தக் கஷ்டம் நூறு மடங்கு.

மழைக்குருவி, அம்மா கணினி எந்த வருஷத்துது? என்னென்ன வேலை பண்றாங்க?

மழைக்குருவி

2016 மாடல் மடிக்கணினி, ஆறாம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ரேம். படம் பார்ப்பார், பேத்தியோடு வீடியோ அழைப்பு, கடிதம் தட்டச்சு செய்வார். பழைய படங்களை ஸ்கேன் செய்ய ஒரு ஸ்கேனர் இருக்கிறது. அதன் நிறுவனம் புதிய விண்டோஸுக்கு ஓட்டுநிரல் தரவில்லை.

கருந்திரை

இந்த வேலைகளுக்கு மின்ட் தாராளம். ஆனா எடுத்தவுடனே நிறுவாதீங்க. முதல்ல படங்கள் எல்லாத்தையும் தனி வட்டுக்கு எடுங்க, மேகத்துல இருக்கறதையும் இறக்கிடுங்க. பேர் இருக்கேன்னு நம்பாதீங்க, சில கோப்பு பேர் மட்டும்தான் கணினியில இருக்கும், உள்ளடக்கம் சர்வர்ல இருக்கும். ஒவ்வொரு கோப்புறையிலயும் நாலு படம் திறந்து பாருங்க. அப்புறம் யூஎஸ்பியிலிருந்து மின்ட்டை ஏத்தி, வட்டைத் தொடாமலேயே கேமரா, ஒலி, வைஃபை, ஸ்கேனர் நாலையும் சோதிங்க. நாலும் ஓடினா மட்டும் அடுத்த படி.

சர்வர்அறை

நிறுவும்போது வட்டைக் குறியாக்கம் செய்ய ஒரு தேர்வு வரும். மடிக்கணினி என்பதால் அதைக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உங்கள் வீட்டில் ஒன்று, அம்மா வீட்டில் ஒன்று வையுங்கள்.

மழைக்குருவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். படங்கள் 11,400 இருந்தன. கருந்திரை சொன்னது சரி, அதில் கால்வாசி கணினியில் பெயர் மட்டும்தான். இறக்கி முடிக்கவே இரண்டு இரவு ஆயிற்று. ஸ்கேனரைச் செருகியதும் எதுவும் நிறுவாமலே வேலை செய்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே இருந்தது ஒன்றுதான் தொல்லை. புதுப்பிப்பு மேலாளரில் வேறு கர்னலுக்கு (லினக்ஸின் மையநிரல்) மாற்றியதும் அதுவும் சரியாயிற்று.

முதல் வாரம் முழுக்க அம்மா தினமும் போன் செய்து ஒன்றே கேட்டார்: "ஏதாவது பெட்டி வந்தா எதை அழுத்தணும்?" எந்தப் பெட்டியும் வரவில்லை. இரண்டாவது வாரம் அவர் கேட்கவில்லை. அப்பாவின் பழைய ஆல்பத்தில் இருந்து 40 படம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்.